ஒரு சாவி, இரண்டு பூட்டு

சென்ற வாரம் தங்கை முறையிலுள்ள ஒரு பெண் நம் வீட்டிற்கு வந்திருந்தாள். கையில் ஒரு மாத்திரை அட்டை. முகத்தில் மிகுந்த கவலை.

"அண்ணா! மாதந்தோறும் உதிரப் போக்கு அதிகமாயிருக்கிறதென்று டாக்டரம்மா இந்த மாத்திரையைக் கொடுத்தார்கள். இரண்டு நாள் சாப்பிட்டேன், குணம் தெரிகிறது. ஆனால் எதிர் வீட்டு மாமி, 'இது மூளையைத் தாக்கி வலிப்பு உண்டாக்குகிற மருந்தாம்; குப்பையிலே எறி' என்கிறார்கள். எறிந்துவிடலாமா?" என்று கேட்டாள்.

மாமியின் வார்த்தை முழுப் பொய்யாயிருந்தால் நமக்கு வேலை எளிதாய்ப் போயிருக்கும். "பொய்" என்று ஒரே சொல்லில் முடித்து, காப்பி சாப்பிட உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அதில் கால் பங்கு உண்மை இருக்கிறது. கால் உண்மை, முழுப் பொய்யைக் காட்டிலும் அபாயமானது. அது மருந்து வேண்டியவரை மருந்தை எறியச் செய்யும். அல்லது எச்சரிக்கை வேண்டிய இடத்தில் எச்சரிக்கையை எறியச் செய்யும். ஆகவே மீதி முக்கால் பங்கையும் அவளுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. அவளுக்குச் சொன்னதையே நேயர்களுக்கும் இவ்வாரம் சொல்லுகிறோம்.

கரையும் கத்தரியும்

அரிவாள்மணையில் காய் நறுக்கும்போது அறுபடாத விரல் எந்த வீட்டிலுண்டு? இரத்தம் கொட்டுகிறது. துணியைச் சுற்றி அழுத்திக்கொள்கிறோம். சற்று நேரத்தில் நின்றுவிடுகிறது. நின்றதும் அதை மறந்துவிடுகிறோம். ஆனால் அந்தச் சில நிமிஷங்களில் நமது உடலுக்குள் நடந்த காரியம் சாமான்யமானதல்ல.

பாலில் மோர் தெளித்தால் தயிராக உறைவதுபோல, காயம் பட்ட இடத்தில் இரத்தம் உறைகிறது. அந்த உறையைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தால், மெல்லிய நூல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடி வலை பின்னியிருப்பது தெரியும். இந்த நூலுக்குப் பைப்ரின் என்று பெயர். இரத்த அணுக்கள் வலையில் மீன்களைப்போல் சிக்கிக்கொள்கின்றன, உடைப்பு அடைபடுகிறது.

ஆனால் ஏரி உடைப்பை அடைக்கப் போட்ட முட்டுக்கட்டை என்றென்றும் கிடக்கலாகாது. காயம் ஆறிய பின்னும் உறை கரையாமல் நின்றால் இரத்தக் குழாயே அடைபட்டுப் போகும். ஆகவே, வலை பின்னத் தெரிந்த உடல் அதை வெட்டவும் ஒரு கத்தரி வைத்திருக்கிறது. அந்தக் கத்தரி பிளாஸ்மின் என்ற என்ஸைம். அதற்கு ஒரு வழக்கம் உண்டு. பைப்ரின் நூலில் ஆங்காங்கே லைஸின் என்னும் பொருள் சிறு பிடிபோல நீட்டிக்கொண்டிருக்கும். கத்தரி முதலில் அந்தப் பிடியைப் பற்றிக்கொள்ளும். பிறகுதான் நூலை வெட்டும்.

சாதாரணக் காயத்தில் வலையும் கத்தரியும் முறை தவறாமல் வேலை செய்கின்றன. பெரும் விபத்திலும், பெரிய ரண சிகிச்சையிலும், சில பிரசவங்களிலும் முறை தவறிவிடுகிறது. கரை கட்டி முடிவதற்கு முன்பே கத்தரி தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. ஒருபுறம் வலை பின்னப்பட, மறுபுறம் அறுக்கப்படுகிறது. இரத்தம் நிற்பதில்லை.

கத்தரியின் கையில் ஒரு பொய்ப் பிடியைக் கொடுத்து ஏமாற்றிவிட்டால் என்ன? இந்தக் கேள்வியைத்தான் ஜப்பானில் ஒரு தம்பதிகள் கேட்டார்கள்.

போருக்குப் பின் ஒரு சோதனைச் சாலை

உத்தாகோ ஒகாமோட்டோ என்ற அம்மையார் 1918-ல் பிறந்தவர். 1941-ல் வைத்தியப் படிப்பை முடித்தார். முதலில் அவர் ஆராய்ந்தது மூளையின் பின்பகுதியான சிறு மூளையைத்தான். 1945-ல் டோக்கியோவிலுள்ள கெய்யோ சர்வகலாசாலைக்கு வந்து சேர்ந்தார். அவருடைய கணவர் ஷோஸுகே ஒகாமோட்டோவும் ஆராய்ச்சியாளரே.

யுத்தம் ஜப்பானை நொறுக்கிப் போட்டிருந்த காலம் அது. சோதனைச் சாலையில் கருவி இல்லை, பணம் இல்லை, பண்டம் இல்லை. தம்பதிகள் ஆலோசித்தார்கள். எதை ஆராய்வதென்று தேர்ந்தெடுக்க அவர்களுக்கு வழி காட்டியது அந்த வறுமைதான். இரத்தத்தை ஆராய்வதென்று தீர்மானித்தார்கள். மற்றச் சரக்குகளை விலை கொடுத்து வாங்க வேண்டும். இரத்தம் போதாவிட்டால் தங்கள் உடலிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் அல்லவா?

குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு இடமில்லை. அம்மையார் தம் மகளை முதுகில் கட்டிக்கொண்டே சோதனைச் சாலையில் வேலை செய்தார். அறிஞர் கூட்டத்தில் அவர் தம் ஆராய்ச்சியை எடுத்துச் சொன்னபோது ஆடவர் சிலர் ஏளனம் செய்தார்கள். ஏளனத்தால் ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. பிரசவத்தில் இரத்தம் பெருகி மாதர் இறப்பதைத் தடுக்க ஒரு மருந்து காண வேண்டும் என்பது அவருடைய உள்ளக் கிடக்கை.

லைஸினைப் போலத் தோற்றமளிக்கும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பரீட்சித்துக்கொண்டே போனார்கள். முதலில் எப்ஸிலான் அமினோ கப்ராயிக் அமிலம் என்ற பொருள் கைக்கு வந்தது. கத்தரி இந்தப் பொய்ப் பிடியைப் பற்றிக்கொண்டு உண்மைப் பிடியை விட்டுவிட்டது. ஆனால் பலன் காண நிறையக் கொடுக்க வேண்டியிருந்தது. மேலும் தேடினார்கள். 1962-ல், அதைப்போல் 27 மடங்கு வலிமையுள்ள ஒன்றைக் கண்டதாக அறிவித்தார்கள். அதுதான் டிரானெக்ஸாமிக் அமிலம். நம் தங்கை கையில் வைத்திருந்த மாத்திரையும் அதுவே.

இதுவரையில் கதை இரத்தத்தோடு நிற்கிறது. மாமி சொன்ன மூளை எங்கே வந்தது? அதற்கு வேறொரு சோதனைச் சாலைக்குப் போக வேண்டும்.

மூளையின் கடிவாளம்

மூளை என்றால் எண்ணங்களைத் தூண்டிவிடும் யந்திரம் என்றே நாம் நினைக்கிறோம். உண்மையில் தூண்டுவதைப் போலவே அடக்குவதும் அதற்குப் பெரிய வேலை. கோடிக்கணக்கான நரம்பணுக்கள் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டே போனால், சந்தையில் எல்லாரும் ஏககாலத்தில் கூவுவதுபோல் ஆகிவிடும். மூளையில் அந்தக் கூச்சல் எழுவதைத்தான் வலிப்பு என்கிறோம். குதிரைக்குக் கடிவாளம் எப்படியோ, மூளைக்கும் ஒரு கடிவாளம் வேண்டும்.

1950-ல் அமெரிக்காவில் யூஜீன் ராபர்ட்ஸ் என்ற விஞ்ஞானி, சுண்டெலியின் மூளையிலிருந்து எடுத்த சாற்றில் ஒரு பொருள் மிகுதியாயிருக்கக் கண்டார். காமா அமினோ பியூட்ரிக் அமிலம் என்பது அதன் முழுப் பெயர். சுருக்கமாகக் காபா என்பார்கள். மூளையில் இது ஏன் குவிந்து கிடக்கிறதென்று முதலில் யாருக்கும் விளங்கவில்லை. இதற்கிடையில் எர்ன்ஸ்ட் ஃப்ளோரி என்பவர், மூளைச் சாற்றில் நரம்பின் துடிப்பை அடக்கும் ஏதோ ஒன்று இருக்கிறதென்று நண்டினத்தைச் சேர்ந்த ஒரு பிராணியின் நரம்பைக்கொண்டு காட்டியிருந்தார். 1957-ல் அவரும் அவருடைய தோழர்களும், அந்த அடக்கும் பொருள் காபாவே என்று வெளியிட்டார்கள். பலர் நம்பவில்லை. கடல் இறாலின் நரம்புகளிலும் பூனையின் மூளையிலும் பல வருஷங்கள் பரீட்சை செய்த பிறகுதான் விஞ்ஞான உலகம் ஒப்புக்கொண்டது.

ஒரு நரம்பணு காபாவைச் சிந்துகிறது. அடுத்த அணுவின் மேல் அதற்கென்று ஒரு பூட்டு இருக்கிறது. காபா என்னும் சாவி அதில் நுழைந்ததும் ஒரு சிறு வாசல் திறந்து, அந்த அணு அமைதியடைகிறது. வலிப்பை நிறுத்த வைத்தியர்கள் ஊசியில் ஏற்றும் டயஸிபாம் என்ன செய்கிறது? இந்தச் சாவியின் வேலையைப் பலப்படுத்துகிறது, அவ்வளவுதான்.

இப்போது ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். காபாவின் அணுக்கட்டு ஒரு சிறு சங்கிலி. அதன் ஒரு முனையில் அமினோ என்ற தொகுதி. மறு முனையில் அமிலத் தொகுதி. ஒகாமோட்டோ தம்பதிகள் கண்ட பொருளுக்கும் ஒரு முனையில் அமினோ, மறு முனையில் அமிலம்! நடுவிலுள்ள பாகந்தான் வேறு. லைஸினுக்கு மாற்றாகத் தேடியது, காபாவுக்கும் தூரத்து உறவாக வந்து வாய்த்துவிட்டது. இரத்தத்திலுள்ள பூட்டுக்கென்று செய்த சாவி மூளையிலுள்ள பூட்டிலும் நுழையும். நுழையும், ஆனால் திறக்காது. உள்ளே நின்றுகொண்டு உண்மைச் சாவிக்கு இடம் கொடுக்காது. கடிவாளம் தளர்ந்துவிடுகிறது.

வியன்னாவும் டொரண்டோவும்

இதைத் தெளிவாக நிரூபித்தவர்கள் வியன்னா நகரத்து ஆராய்ச்சியாளர்கள். ரண சிகிச்சையில் இரத்தக் கசிவை அடைக்கப் பைப்ரினால் ஆன ஒரு பசையைப் பூசுவதுண்டு. பசை சீக்கிரம் கரையாமலிருக்க அதில் டிரானெக்ஸாமிக் அமிலத்தையும் கலந்திருந்தார்கள். அத்தகைய பசையை எலியின் மூளைமேல் வைத்தபோது எலிக்கு வலிப்பு வந்தது. காரணத்தைத் தேடி, 2002-ல், இந்த மருந்து காபாவோடு அதன் பூட்டுக்காகப் போட்டியிடுகிறதென்று வெளியிட்டார்கள்.

அதற்குள் ஆஸ்பத்திரிகளிலும் ஒரு புதிர் தலைகாட்டியிருந்தது. இருதய ரண சிகிச்சையில் இரத்தச் சேதத்தைக் குறைக்க இம்மருந்தை மிக அதிக அளவில் கொடுப்பது வழக்கமாயிற்று. நோயாளிகளில் சிலருக்கு, சிகிச்சை நல்லபடியாக முடிந்து சில மணி நேரத்தில் வலிப்பு கண்டது. சிகிச்சையின்போது வராத வலிப்பு, முடிந்த பிறகு ஏன் வரவேண்டும்?

கானடாவில் டொரண்டோ நகரத்தில் பெவர்லி ஆர்ஸர் என்ற அம்மையாரின் குழுவினர் 2012-ல் இதற்கு விடை கண்டார்கள். காபாவைப்போல் நரம்பை அடக்கும் பொருள் மற்றொன்று உண்டு. அதற்குக் கிளைஸின் என்று பெயர். அதன் பூட்டையும் இம்மருந்து அடைத்துக்கொள்கிறதென்று அவர்கள் காட்டினார்கள். கிளைஸின் பூட்டை அடைப்பதால் என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டில் அத்தாட்சி தேட வேண்டியதில்லை. எட்டிக் கொட்டையைத் தின்றால் உடல் வில்லாக வளைந்து இழுத்துக்கொள்ளும் என்பது கிராமத்துக் குழந்தைக்கும் தெரியும். எட்டியிலுள்ள ஸ்ட்ரிக்னைன் என்ற விஷம் அடைப்பது இதே பூட்டைத்தான்.

மேலும் ஒரு நுட்பம். ரண சிகிச்சையின்போது கொடுக்கும் மயக்க மருந்துகள் இந்தப் பூட்டுகளின் வேலையைத் தூக்கிக் கொடுக்கின்றன. ஆகவே அவை இருக்கும் வரையில் தீங்கு வெளிப்படுவதில்லை. சிகிச்சை முடிந்ததும் மயக்க மருந்து நிறுத்தப்படுகிறது. ஆனால் மூளையையும் முதுகுத் தண்டையும் சூழ்ந்துள்ள நீரில் டிரானெக்ஸாமிக் அமிலம் அப்போதுதான் உச்சத்திற்கு ஏறுகிறது. காவலர் வீட்டுக்குப் போன பிறகு கள்வன் வருவது போல வலிப்பு வந்து சேருகிறது.

2017-ல் வெளியான ஒரு பெரிய பரீட்சையில், இருதய ரண சிகிச்சை பெற்றவர்களுக்குள் இம்மருந்து கொடுக்கப்பட்டவர்களில் 1,000 பேருக்கு 7 பேரும், கொடுக்கப்படாதவர்களில் 1,000 பேருக்கு ஒருவரும் வலிப்புக்கு ஆளாயினர். மாமியின் கால் பங்கு உண்மை இதுதான்.

தாய்மாரின் கணக்கு

இனி மறு தட்டில் என்ன இருக்கிறதென்று பார்க்க வேண்டும்.

உத்தாகோ அம்மையார் கோபே நகருக்குச் சென்று, 1966 முதல் 1990 வரையில் அங்கே சர்வகலாசாலையில் பணி புரிந்தார். அவ்வூர்ப் பிரசவ வைத்தியர்களிடம் தம் மருந்தைப் பரீட்சித்துப் பார்க்கும்படி கேட்டார். அவர்கள் இணங்கவில்லை. பல்லுக்கும் மற்றச் சிகிச்சைகளுக்கும் மருந்து பயன்பட்டது. எந்தத் தாய்மாரை நினைத்துத் தேடினாரோ அவர்களுக்கு மட்டும் வெகு காலம் போய்ச் சேரவில்லை.

லண்டனிலுள்ள வைத்திய ஆராய்ச்சியாளர்கள் இதைக் கையிலெடுத்தார்கள். முதலில் விபத்துகளில் காயமுற்றவர்கள். 40 தேசங்களில், இந்தியா உட்பட, 20,000-க்கு மேற்பட்ட நோயாளிகளைக்கொண்டு நடந்த பரீட்சையின் முடிவு 2010-ல் வெளியாயிற்று. மருந்து பெறாதவர்களில் 100-க்கு 16 பேர் இறந்தார்கள். பெற்றவர்களில் 14½ பேர். அடுத்தபடி பிரசவத்தில் இரத்தப் பெருக்குக்கு ஆளான 20,060 மாதர், 21 தேசங்களில். 2017 ஏப்ரலில் முடிவு வெளியாயிற்று. பிரசவமாகி 3 மணி நேரத்திற்குள் மருந்து கொடுக்கப்பட்டவர்களில் இரத்தப் பெருக்கினால் இறந்தவர்கள் 1,000-க்கு 12 பேர். கொடுக்கப்படாதவர்களில் 17 பேர். மருந்து பெற்ற தாய்மாரிடம் வலிப்பு மிகுதியாகக் காணப்படவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். இங்கே கொடுத்தது ஒரே ஒரு கிராம். தேவைப்பட்டால் மீண்டும் ஒன்று. இருதய ரண சிகிச்சையில் கொடுத்து வந்ததோ அதைப்போல் பல மடங்கு.

1,000-க்கு 5 பேர் என்பது சிறு வித்தியாசமாகத் தோன்றலாம். உலகத்தில் வருஷந்தோறும் ஏறக்குறைய 70,000 மாதர் பிரசவ இரத்தப் பெருக்கினால் மடிகிறார்கள் என்பதோடு சேர்த்துப் பார்த்தால், அந்த 5 எவ்வளவு பெரியதென்று தெரியும். அந்த ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கைக்குழந்தை இருக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனம் 2017-லேயே இம்மருந்தை 3 மணி நேரத்திற்குள் கொடுக்கும்படி சிபார்சு செய்தது. ஒவ்வொரு 15 நிமிஷ தாமதத்திற்கும் பலன் பத்தில் ஒரு பங்கு குறைகிறதென்றும் பிற்பாடு கணக்கிட்டார்கள். இங்கே நேரமும் ஒரு மருந்து.

உத்தாகோ அம்மையார் இந்த முடிவைக் காணவில்லை. பரீட்சை தொடங்கியதை அறிந்து மகிழ்ந்தவர், முடிவு வெளியாவதற்கு ஒரு வருஷம் முன்னால், 2016-ல், தமது 98-வது வயதில் காலமானார்.

இரண்டு குப்பிகள்

இவ்வளவு நல்ல மருந்தைப் பற்றி இப்பகுதியில் எழுத வேண்டிய அவசரம் என்னவென்று கேட்கலாம். அதைத்தான் கடைசிக்கு வைத்திருக்கிறோம்.

வயிற்றைக் கிறிப் பிரசவம் செய்யும்போது தாயின் முதுகுத் தண்டருகே ஓர் ஊசி போடுகிறார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப் போகிறது. அந்த மருந்து ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில், நீரைப்போல் தெளிவாயிருக்கும். இரத்தத்தை நிறுத்தும் டிரானெக்ஸாமிக் அமிலமும் சிறு கண்ணாடிக் குப்பியில், நீரைப்போல் தெளிவாகவே இருக்கும். இரண்டும் ஒரே அறையில், சில சமயம் ஒரே தட்டில். அவசரத்தில் கை மாறிப் போனால்?

இரத்தக் குழாயில் ஏற்றினால் மருந்தில் ஒரு சிறு பங்குதான் மூளை நீருக்குப் போய்ச் சேரும். அந்த வழியில் இயற்கை ஒரு வேலி வைத்திருக்கிறது. முதுகுத் தண்டில் ஏற்றினாலோ வேலியே இல்லை. மருந்து முழுவதும் நேராகப் பூட்டுகளின் மேல் போய் விழுகிறது. 2019-ல் சில வைத்தியர்கள் இத்தகைய தவறுகளைத் தேடித் திரட்டியபோது, அதுவரையில் பதிவானவை 21 என்று கண்டார்கள். அவர்களில் 10 பேர் இறந்துபோனார்கள். 2022 மார்ச்சு மாதத்தில் உலக சுகாதார ஸ்தாபனம் எல்லா நாடுகளுக்கும் இதைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது. இரண்டு குப்பிகளையும் வெவ்வேறு இடத்தில் வைக்க வேண்டும். பெயர்ச் சீட்டு கண்ணில் படும்படி இருக்க வேண்டும். ஊசியில் ஏற்றுமுன் பெயரைப் படிக்க வேண்டும். இவ்வளவுதான் சிகிச்சை. புது ஆராய்ச்சி வேண்டாம். புதுக் கருவி வேண்டாம். தனி அலமாரி ஒன்றும், ஒரு நிமிஷப் பொறுமையும் போதும்.

தாயைக் காப்பாற்றவென்றே ஒரு பெண்மணி ஆயுள் முழுவதும் தேடிய மருந்து, அதே பிரசவ அறையில், ஒரு பெயர்ச் சீட்டைப் படிக்காத குற்றத்தால் தாயைக் கொல்லுமென்றால், அதைவிடப் பெரிய கொடுமை வேறென்ன? மருந்தின் மேல் பழி போடுவதில் பயனில்லை. சாவிக்கு எந்தப் பூட்டு தன்னுடையதென்று தெரியாது. அதைப் பிடித்திருக்கும் கைக்குத்தான் தெரிய வேண்டும்.

தங்கைக்குச் சொன்னது

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தங்கை, "அப்படியானால் இதை எறிய வேண்டாமா, அண்ணா?" என்றாள்.

"எறிய வேண்டாம். ஆனால் டாக்டரம்மாவிடம் மூன்று விஷயம் சொல்லியிருக்கிறாயா என்று பார். முன்னே எப்போதாவது வலிப்பு கண்டதுண்டா? காலிலோ மார்பிலோ இரத்தம் உறைந்து அடைத்ததுண்டா? மூத்திரக் காய்களில் கோளாறு உண்டா? இந்த மருந்து உடலைவிட்டு வெளியேறுவது மூத்திரத்தின் வழியாகத்தான். அந்த வாசல் சரியாயில்லாவிட்டால் மருந்து உள்ளேயே தங்கி மிகுந்துவிடும். இம்மூன்றும் இல்லையென்றால், அவர்கள் சொன்ன அளவில், சொன்ன நாள் வரையில் சாப்பிடு. 'இரட்டிப்பாகச் சாப்பிட்டால் சீக்கிரம் நிற்குமே' என்று உன் யோசனையைக் கலக்காதே" என்றோம்.

அவள் மாத்திரை அட்டையை மறுபடியும் முந்தானையில் முடிந்துகொண்டாள். வாசல்வரை போனவள் திரும்பி, "மாமியிடம் என்ன சொல்வது?" என்று கேட்டாள்.

"மாமி சொன்னது உண்மைதான் என்று சொல். ஆனால் உண்மையில் கால் பங்கைச் சொல்லிவிட்டு மீதியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார்கள் என்றும் சொல்" என்றோம்.

அப்படியே சொல்லியிருப்பாள் போலிருக்கிறது. இரண்டு நாளாக எதிர் வீட்டு மாமி நம்மைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். இந்த இதழ் அவர்கள் வீட்டிற்கும் போகிறது. கட்டுரையைக் கடைசி வரையில் படிப்பார்களானால் சமாதானம் ஏற்படுமென்று நம்புகிறோம்.